யாங்கோனின் ஒரே அரபுப் பாடகி

பல்கீஸைப் பற்றி யார் கேட்டாலும் நான் ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுவேன். அவள் அரபு நாட்டைக் கண்ணால் பார்த்ததில்லை. மேற்கே அவள் போன அதிகபட்ச தூரம் பஸ்ஸீன். அதுவும் நாத்தனாரின் பிரசவத்துக்குத் துணையாக, பேருந்தில் வாந்தி எடுத்துக்கொண்டே போனாள். ஆனாலும் யாங்கோனில் தின்கன்ஜூனிலிருந்து போட்டாதாங் வரைக்கும் எந்த முஸ்லிம் வீட்டில் போய் "அரபுப் பாடகி" என்று சொன்னாலும் அவள் பெயரைத்தான் சொல்வார்கள். வேறு ஆள் இல்லை என்பதும் ஒரு காரணம்.

நான் சத்யபாமா. பன்னிரண்டு வருடமாக அவளுக்குக் கீபோர்டு வாசிக்கிறேன். முஸ்லிம் கல்யாணத்தில் பெண்கள் பக்கத்தில் ஆண் வாசிக்க முடியாது. கீபோர்டு தெரிந்த தமிழ்ப் பெண்கள் ஊரில் நாலைந்து பேர்தான். அதில் அவளுடைய கோபதாபத்தைத் தாங்குகிறவள் நான் ஒருத்தி. என்னுடையதைத் தாங்குகிறவளும் அவள் ஒருத்திதான், அதை இங்கே விரிவாக எழுதப் போவதில்லை.

பல்கீஸுக்குக் குரல் வந்தது சரக்கு ஆபீஸில். போட்டாதாங் படகுத்துறைப் பக்கம், டெல்டா ஊர்களுக்கு மூட்டை அனுப்புகிற ஒரு சின்ன ஆபீஸில் பத்தொன்பது வயதில் வேலைக்குச் சேர்ந்தாள். எந்தச் சரக்கு எந்தப் படகில் ஏறுகிறது என்று ஒலிபெருக்கியில் கூப்பிட வேண்டும். படகு இரைச்சல், கூலிகளின் சத்தம், மழை எல்லாவற்றையும் தாண்டிக் கேட்க வேண்டும். முதல் மாதம் தொண்டை கட்டி ஊமையாகத் திரிந்தாள். மூன்றாவது மாதம், "பியாபோன் வெங்காயம், நாலாம் நம்பர்!" என்று அவள் கூப்பிட்டால் எதிர்க்கரையில் இருப்பவன் திரும்பிப் பார்ப்பான். அவள் கையில் பிடித்த முதல் மைக் அதுதான்.

பாட்டு வந்தது கப்பலில். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், மாஹிர் கப்பல் மாலுமி. ஒரு தடவை ஊருக்கு வந்தபோது நகமளவு மெமரி கார்டு ஒன்றைக் கொடுத்தான். ஏதோ ஒரு துறைமுகத்துக் கடையில் போனுக்குக் கவர் வாங்கினபோது இனாமாகக் கொடுத்தார்களாம். அதில் நாற்பத்து மூன்று பாட்டு இருந்தது. நாற்பத்து மூன்றும் ரவ்னக் என்ற ஒரே அரபுப் பாடகியின் பாட்டு. சிலதில் படமும் இருந்தது.

ரவ்னக்கின் வாழ்க்கையை என்னைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன், அத்தனை தடவை கேட்டிருக்கிறேன். ஒரு துறைமுக ஊரில் பிறந்தவள். வாப்பா கிரேன் ஓட்டுகிறவர். சந்தையில் காலுறை விற்றாள், கல்யாண வீடுகளில் பாடினாள். டிவி தொடர்களில் ஏழு வருடம் வேலைக்காரியாகவே நடித்தாள். காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவதுதான் வேஷம். முப்பத்தேழு வயதில் படத்தில் பெரிய வேஷம் கிடைத்தது. மூன்று தடவை இனிமேல் பாட மாட்டேன் என்று அறிவித்து, மூன்று தடவையும் திரும்ப வந்தாள். ஒரு கச்சேரியில் ஒலிப்பதிவை ஓடவிட்டு வாயை மட்டும் அசைக்கிறாள் என்று பிடிபட்டுவிட்டாள். மறுநாள் அதே மேடைக்கு வந்து, "ஆமாம், நேற்று எனக்குச் சளி" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாளாம். கூட்டம் முழுப் பாட்டையும் பாடிக் கொடுத்ததாம். இந்த இடம் வரும்போது பல்கீஸுக்கு ஒவ்வொரு தடவையும் கண் கலங்கும். எனக்கு ஒவ்வொரு தடவையும் கொட்டாவி வரும்.

அந்த நாற்பத்து மூன்று பாட்டையும் பல்கீஸ் மனப்பாடம் செய்தாள். இதில் ஒரு விஷயம் இருக்கிறது. இங்கே முஸ்லிம் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் சின்ன வயதிலேயே அரபு எழுத்து படித்துவிடுவார்கள். குர்ஆன் ஓத வேண்டும், அதற்காக. எழுத்தைத் தப்பில்லாமல் வாசிப்பார்கள், தொண்டையிலிருந்து வர வேண்டிய ஒலி தொண்டையிலிருந்துதான் வரும். ஆனால் அரபு பேசத் தெரியாது. பல்கீஸ் இன்டர்நெட் கடையில் உட்கார்ந்து பாட்டு வரிகளைத் தேடி எடுத்து, ஓதலுக்குப் படித்த அதே சுத்தத்தோடு படித்தாள். ரவ்னக்கே அப்படி உச்சரித்திருப்பாளா என்பது சந்தேகம்.

அந்த உச்சரிப்புதான் வினையாகப் போனது.

பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் தின்கன்ஜூனில் ஒரு கல்யாணம். பல்கீஸுக்கு மாப்பிள்ளை வீட்டு உறவு. என்னைக் கீபோர்டு வாசிக்கக் கூப்பிட்டிருந்தார்கள். பகல் பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. ஜெனரேட்டர் ஆண்கள் பக்கத்து விசிறிக்குத்தான் போதும் என்றார்கள். எப்போதும் அப்படித்தான், ஜெனரேட்டருக்கும் ஆண் பெண் வித்தியாசம் தெரியும். பெண்கள் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்த சிடி நின்றது. டான்பவுக் பிரியாணி இன்னும் தயாராகவில்லை. முந்நூறு பெண்கள் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். என் கீபோர்டு பேட்டரியில் ஓடும். "யாராவது பாடுங்கடி" என்று ஒருத்தி சொல்ல, மூலையில் இருந்த பல்கீஸ் எழுந்து வந்தாள்.

அதற்கு முன் அவளை எனக்குத் தெரியாது. பாட்டையும் தெரியாது. தாளம் பிடிபடாமல் நான் மெதுவாக இழுத்தேன். அவளும் என்னை விட்டுப் போக மனமில்லாமல் மெதுவானாள். ஒரு துள்ளல் பாட்டு ஊர்வலம் போல நகர ஆரம்பித்தது.

இரண்டாவது வரியில் பெண்கள் தலையில் முக்காட்டை இழுத்துப் போட்டுக்கொண்டார்கள். பேசிக்கொண்டிருந்தவர்கள் நிறுத்தினார்கள். நாலாவது வரியில் துஆ என்கிற பிரார்த்தனைக்கு ஏந்துவது போல உள்ளங்கைகள் மேலே வந்தன. அவள் மூச்சு விட நிறுத்திய இடத்தில் முன்வரிசையிலிருந்து ஒரு கனத்த குரல் "ஆமீன்" என்றது. உடனே முந்நூறு பேரும் "ஆமீன்" என்றார்கள். அந்தக் கனத்த குரல் ஸமீரா மாமியுடையது. அவர் கணவர் ஹஸ்ஸான் மளிகை மொத்த வியாபாரி, பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர். மாமி சிரித்து அதுவரை யாரும் பார்த்ததில்லை, அழுதும் பார்த்ததில்லை. அன்றைக்குத் தோள் குலுங்க அழுதார்.

பாட்டு முடிந்ததும் பல்கீஸ் என்னைச் சமையல் கட்டுப் பக்கம் இழுத்துக்கொண்டு ஓடினாள்.

"அக்கா, அது சினிமாப் பாட்டு."

"என்னது?"

"துஆ இல்லக்கா. சினிமாக்காரி பாட்டு. எல்லாரும் ஆமீன் சொல்றாங்க. நீங்க போய்ச் சொல்லுங்க."

"நானா? என் பேரு சத்யபாமா. நெத்தியில பொட்டு இருக்கு. நான் போய், 'மாமி, இது துஆ இல்ல'ன்னு சொன்னா நல்லா இருக்குமா?"

நாளைக்குச் சொல்லலாம் என்று முடிவு செய்தோம். மறுநாள் மூன்று வீட்டிலிருந்து ஆள் வந்துவிட்டது, "அந்த அரபு பைத்து ஓதின பொண்ணு" தங்கள் வீட்டுக்கும் வர வேண்டும் என்று. சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டது அன்றைக்குத்தான். அப்புறம் ஒவ்வொரு கல்யாணமும் அதைச் சொல்வதை இன்னும் கஷ்டமாக்கியது.

நாங்கள் பொய் சொல்லவில்லை. ஒருவரும் கேட்கவில்லை, நாங்களும் சொல்லவில்லை. இப்படித்தான் எங்களைச் சமாதானம் செய்துகொண்டோம். என் பங்குக்கு நான் மற்ற பாட்டுகளையும் மெதுவாக்கினேன். ஒரு பாட்டில் ரவ்னக் "யல்லா யல்லா" என்று குதிப்பாள், அதைக்கூட ஆற அமர இழுத்தால் பெரியவர்கள் கண்ணை மூடிக்கொள்வார்கள். ஆனால் பல்கீஸுக்கு மனசாட்சி என்று ஒன்று இருந்தது. ஹஜ்ஜுக்குப் புறப்படுகிறவர் வீட்டிலும் சாவு வீட்டிலும் ரவ்னக் பாட்டைத் தொட மாட்டாள். அதற்கென்று உண்மையான பைத்துகளை, பக்திப் பாட்டுகளைப் படித்து வைத்திருந்தாள். இன்னொன்றையும் நான் கவனித்தேன். கல்யாணங்களில் கூட்டம் "ஆமீன்" சொல்லும்போது அவள் மட்டும் சொல்ல மாட்டாள். உதட்டை இறுக்கி மூடிக்கொண்டு கீழே பார்ப்பாள். பன்னிரண்டு வருடத்தில் ஒரு தடவைகூட அவள் வாய் திறக்கவில்லை.

அவளுக்கு இன்னொரு வருத்தமும் உண்டு. அதைச் சொன்னால் சிரிப்பார்கள் என்று என்னிடம் மட்டும்தான் சொன்னாள். "ரவ்னக் பாடினா ஊரே ஆடுது. நான் பாடினா எல்லாரும் முக்காடு போடுறாங்க, பாமாக்கா."

அந்தப் பாட்டுகள் தங்களுடைய சொந்த வேகத்தில் ஓடியது ஒரே ஒரு இடத்தில்தான். அவள் கணவன் கமாலின் டாக்ஸியில். கமால் எங்களையும் ஸ்பீக்கர் பெட்டியையும் ஏற்றிக்கொண்டு போய்க் கொண்டுவருவான். திரும்பி வரும்போது கண்ணாடியை ஏற்றிவிட்டு அவள் முழு வேகத்தில் பாடுவாள், கமால் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி தோளால் ஆடுவான். ஒருமுறை சிக்னலில் பக்கத்துப் பேருந்தே எங்களைப் பார்த்துச் சிரித்தது. "என் பொண்டாட்டிக்கு ரசிகர் மன்றம் ஒரு ஆளு. அதுக்குத் தலைவரும் நான்தான், பொருளாளரும் நான்தான்" என்பான் கமால். அவனைப் போல ஒரு கணவனை நான் கண்டதில்லை. என் வீட்டுக்காரரிடமும் இதைச் சொல்லியிருக்கிறேன், அவர் டிவி சத்தத்தைக் கூட்டினார்.

நடிப்பு வந்தது பல்கீஸுக்கு முப்பத்தொன்பதாவது வயதில். ரவ்னக்கைவிட இரண்டு வருடம் பிந்திவிட்டதாக வருத்தப்பட்டாள். கோ தூரா என்று ஒரு பர்மாக்கார டைரக்டர், போனில் பார்க்கிற நகைச்சுவைப் படங்கள் எடுப்பவர். பச்சைக்கல் வாங்க வந்து ஏமாந்து போகிற அரபுச் சீமாட்டி ஒருத்தி வேண்டும், ஒரு பாட்டும் பாட வேண்டும் என்று தேடியவருக்கு யாரோ இவளைக் காட்டினார்கள். எங்கள் தமிழ் முகத்துக்கு இங்கே படத்தில் கிடைப்பது பெரும்பாலும் கடலைக்காரி வேஷம். சீமாட்டி என்றதும் பல்கீஸ் ஆபீஸில் லீவு சொல்லிவிட்டுத்தான் மறு பேச்சுப் பேசினாள்.

யாங்கோனில் அலோன் பக்கம் ஆற்று மணல் இறக்கிக் குவித்திருக்கும் கிடங்குதான் அரேபியப் பாலைவனம். பின்னால் தெரிந்த கிரேனை மறைக்க ஒரு பேரீச்ச மரத்தை அட்டையில் செய்து நட்டார்கள். ஒட்டகத்தைக் கம்ப்யூட்டரில் போட்டுக்கொள்வதாகச் சொன்னார்கள். பல்கீஸ் சரிகைத் துணியும் கறுப்புக் கண்ணாடியும் போட்டுக்கொண்டு மணல் மேட்டில் ஏறினாள். "எந்தப் பாட்டு வேணும்?" என்று கோ தூரா கேட்டார். அவளுக்கு நன்றாகப் பழகிய பாட்டு ஒன்றுதான், தின்கன்ஜூன் கல்யாணத்தில் பாடியது. ஆனால் இந்தத் தடவை, "பாமாக்கா, நிஜ வேகம்" என்றாள்.

வாசித்தேன். அவள் பாடிக்கொண்டே தோளை அசைத்தாள், கையைச் சுழற்றினாள், மணலில் ஒரு கால் புதைய, இன்னொரு காலால் தாளம் போட்டாள். மணல் கூடை சுமந்துகொண்டு போன கூலிப் பெண்கள் கூடையோடு நின்றுவிட்டார்கள். ஒருத்தி கூடையை இறக்கி வைத்துவிட்டு ஆட ஆரம்பித்தாள், அவளைப் பார்த்து இன்னும் நாலு பேர். பல்கீஸ் மேட்டிலிருந்து சறுக்கிக்கொண்டே இறங்கி வந்து என் கையைப் பிடித்தாள்.

"ஆடினாங்கக்கா! பாத்தீங்களா? ஆடினாங்க!"

அவள் முகத்தில் தனாக்காப் பூச்சும் மணலும் கண்ணீரும் ஒன்றாக இருந்தன. நான் கீபோர்டில் மணல் புகுந்துவிட்டதே என்று கத்தினேன். அழுகை வந்தால் கத்துவது என் வழக்கம்.

படம் நாலு மாதம் கழித்து வந்தது. பாட்டை மட்டும் தனியாக வெட்டிப் பேஸ்புக்கில் போட்டார்கள். கோ தூரா ஒழுங்கான மனிதர், அதுதான் எங்கள் கெட்ட காலம். கத்தாரில் வேலை பார்த்துவிட்டு வந்த ஒருவரைப் பிடித்து, பாட்டுக்குப் பொருள் கேட்டு, கீழே பர்மிய எழுத்தில் வரிக்கு வரி போட்டுவிட்டார். பல்கீஸுக்கு அது ஏதோ போன் சம்பந்தப்பட்ட காதல் பாட்டு என்று மட்டும் தெரியும், ஏனென்றால் படத்தில் ரவ்னக் கடைசியில் போனைக் கடலில் எறிவாள். முழுப் பொருளை அவளும் அன்றைக்குத்தான் வாசித்தாள். அது இப்படி இருந்தது:

மூன்று நாளாகக் கூப்பிடுகிறேன், போனை எடுக்க மாட்டாயா? உயிரோடு இருக்கிறாயா இல்லையா, அதையாவது சொல். எடு, எடு, பொய்யனே, போனை எடு.

பேஸ்புக்குக்கு இங்கே தடை, ஆனாலும் யாங்கோனில் விபிஎன் போட்டு அதைப் பார்க்காத பெண் யார்? இரண்டு நாளில் எல்லாருடைய போனிலும் அந்தப் பாட்டு இருந்தது. பாட்டைக் கேட்டதும் அடையாளம் தெரிந்துவிட்டது. எத்தனை கல்யாணத்தில் கையேந்தியிருப்பார்கள்! பொய்யனே, போனை எடு. ஆமீன்.

எனக்கு முதலில் சிரிப்பு வந்தது, அடக்க முடியாமல் சிரித்தேன். மூன்றாம் நாள் சிரிப்பு நின்றது. ஒத்துக்கொண்டிருந்த கல்யாணங்களில் மூன்று கைவிட்டுப் போனது. ஒரு அம்மா குரல் செய்தி அனுப்பினார்: "எங்களை வச்சு விளையாடிட்டியே, மா பல்கீஸ்." திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பாள், அந்த அம்மா மெதுவாகச் சொன்னார். பல்கீஸ் ஆபீஸில் மைக்கைப் பிடிக்க மறுத்தாள். அவளுக்குப் பதில் கூப்பிட்ட பையன் குரல் யாருக்கும் கேட்காமல் பியாபோன் வெங்காயம் போகலே ஊருக்குப் போய்விட்டது.

"ரவ்னக் இப்ப என்ன பண்ணியிருப்பா?" என்று நான் சும்மா கேட்டேன், அவளைப் பேசவைக்கலாம் என்று.

"ரவ்னக் யாரையும் ஏமாத்தி ஆமீன் வாங்கல" என்றாள்.

மீதி இருந்தது ஒரே ஒரு கல்யாணம். ஸமீரா மாமியின் மகள் கல்யாணம். அது கைவிட்டுப் போனால் அதோடு எல்லாம் முடிந்தது, மாமி கூப்பிடாத பாடகியை வேறு எந்த வீடும் கூப்பிடாது. இரண்டு வாரம் கழித்து மாமியிடமிருந்து ஆள் வந்தது, இரண்டு பேரும் நேரில் வர வேண்டும் என்று.

கமால்தான் கொண்டுபோய் விட்டான். வழி முழுக்கப் பாட்டு போடவில்லை. "கேய்சா மஷிபு, ஒண்ணும் ஆகாது" என்று மூன்று தடவை சொன்னான். மூன்றாவது தடவை அவனுக்கே நம்பிக்கை இல்லை.

மாமி வீடு போட்டாதாங்கில், அவர்கள் மளிகைக் கிடங்குக்கு மேல் மாடியில். எங்களை உட்காரச் சொன்னார். டீ வந்தது. மாமி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை எடுத்து, அந்தப் பாட்டை முதலிலிருந்து கடைசி வரை ஓடவிட்டார். அந்த மூன்று நிமிடம் எனக்கு மூன்று மணி நேரமாக இருந்தது.

"இது அன்னைக்குத் தின்கன்ஜூன்ல பாடின அதே பாட்டுதானே?"

"ஆமா மாமி."

"அதே வார்த்தையா?"

"அதே வார்த்தைதான் மாமி. வேகம் மட்டும் வேற."

"சினிமாப் பாட்டுன்னு தெரிஞ்சேதான் பாடினியா?"

"தெரியும் மாமி." பல்கீஸ் குரல் கீழே போய்விட்டது.

என்னால் பொறுக்க முடியவில்லை. "மாமி, மெதுவா ஆக்கினது நான்தான். எனக்குத் தாளம் தெரியல. கோவம்னா என் மேல கோவப்படுங்க..."

"நீ சும்மா இரு, பாமா."

டீயைக் குடித்தேன்.

மாமி கண்ணாடியைக் கழற்றினார். "அந்தக் கல்யாணத்தப்ப என் மவன் ஷாநவாஸ் மலேசியா போய் அஞ்சு மாசமா ஒரு போன் இல்ல. அப்ப எங்க ஊர்ல ஏது ஆளுக்கொரு போன்? கீழே டீக்கடைக்குத்தான் வரும். ஒவ்வொரு தடவை அங்க மணி அடிக்கும்போதும் நான் ஜன்னலுக்கு ஓடுவேன். யார்கிட்டயும் சொல்லல, அவன் வாப்பாகிட்டகூட அழல. அன்னைக்கு நீ பாடினப்ப நான் என்ன கேட்டேன் தெரியுமா?" போனை எடுத்துப் பர்மிய வரியைத் தேடி விரல் வைத்தார். அதைத் தமிழில் சொன்னார்: "உயிரோட இருக்கியா இல்லையா, அதையாவது சொல்லு. இதைத்தான் கேட்டேன். இதையேதான். நாலாம் நாள் போன் வந்துச்சு."

பல்கீஸ் அழுதுவிட்டாள். நானும்தான், மறைக்க என்ன இருக்கிறது.

"அழுதது போதும்" என்றார் மாமி. "அல்லா எனக்குக் கொடுத்தான், அதுக்காக நீங்க செஞ்சது சரின்னு ஆயிடாது. பன்னெண்டு வருஷம் வாயை மூடிட்டு இருந்தீங்க. கல்யாணத்துக்கு நானூறு பொம்பளைங்க வருவாங்க. அத்தனை பேர் முன்னால நீயே மைக்கைப் பிடிச்சு உள்ளதைச் சொல்லணும். சொல்லிட்டு, அதே பாட்டைப் பாடணும். சம்மதமா?"

சம்மதம் என்று தலையாட்டிவிட்டு வந்தாள். அந்த மாதம் முழுவதும் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்: "எழுந்து போயிட்டாங்கன்னா?" போனால் போகட்டும், டான்பவுக் மிச்சமாகும் என்றேன். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

கல்யாண நாள் வந்தது. மாமி ஏற்பாட்டில் இந்தத் தடவை பெண்கள் பக்கத்துக்குத் தனி ஜெனரேட்டர். பல்கீஸ் பச்சைப் பட்டுத் துணியில் மேடை ஏறினாள். மைக்கைப் பிடித்தாள். சரக்கு ஆபீஸ் குரலில், சுற்றி வளைக்காமல் சொன்னாள்.

"இத்தனை வருஷமா உங்க வீட்டுக் கல்யாணத்துல நான் பாடினது ஓதல் இல்ல. சினிமாப் பாட்டு. நீங்க ஆமீன் சொன்னீங்க, நான் சொல்லாம மறைச்சேன். என்னை மன்னிச்சிடுங்க."

சின்னப் பெண்கள் பலருக்குத் தமிழ் ஓட்டமாகப் புரியாது, அதனால் அதையே பர்மிய மொழியிலும் சொன்னாள். இரண்டு தடவை மன்னிப்புக் கேட்பது சுலபமில்லை. பின்வரிசையில் மூன்று பேர் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, போவதா இருப்பதா என்று தெரியாமல் இருந்தார்கள்.

முன்வரிசையில் ஸமீரா மாமி எழுந்தார். கையில் போன். "என் மவனால தங்கச்சி கல்யாணத்துக்கு வர முடியல" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "பன்னெண்டு மணிக்கு வீடியோவில வர்றேன்னான். மணி பன்னெண்டேகால். எடுக்க மாட்டேங்கிறான்." போனை ஸ்பீக்கரில் போட்டு உயர்த்திப் பிடித்தார். மணி அடித்துக்கொண்டே இருந்தது. மேடையைப் பார்த்தார். "பாடு, பல்கீஸ்."

நான் நிஜ வேகத்தில் ஆரம்பித்தேன். முதல் பல்லவியில் யாரும் அசையவில்லை. போன் அடித்து அடித்துத் துண்டித்தது. மாமி திரும்ப அடித்தார். இரண்டாவது பல்லவியில் மணப்பெண் சிரித்துவிட்டாள், பாட்டின் பொருள்தான் எல்லோருக்கும் தெரியுமே. பக்கத்தில் இருந்த தோழிகள் கை தட்டினார்கள். திரும்பவும் துண்டித்தது. மாமி மூன்றாம் முறை அடித்தார். அப்போது பல்கீஸ் பாடுவதை நிறுத்திவிட்டு மைக்கைக் கூட்டத்தின் பக்கம் திருப்பினாள். ரவ்னக் செய்தது ஞாபகம் வந்து செய்தாளா, குரல் அடைத்துக்கொண்டதா, இன்றுவரை சொல்லவில்லை.

நானூறு பெண்கள் பாடினார்கள். அரபு தெரியாதவர்கள் தமிழில், தமிழ் வராதவர்கள் பர்மிய மொழியில். எடு, எடு, போனை எடு! குரல் செய்தி அனுப்பின அந்த அம்மா முக்காட்டை இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்து ஆடினார்.

போன் எடுக்கப்பட்டது. தொழிற்சாலைத் தொப்பி போட்ட ஒரு முகம், கண்ணெல்லாம் பயம்.

"உம்மா! என்ன ஆச்சு? ஏன் இத்தனை பேர் கத்துறாங்க?"

"கண்ணை மூடிக்கடா, இது பொம்பளைங்க பக்கம்!" என்றார் மாமி. "காதை மட்டும் திற."

ஷாநவாஸ் மறுபேச்சில்லாமல் இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டான். அரங்கம் சிரித்த சிரிப்பில் ஆண்கள் பக்கத்திலிருந்து ஆள் வந்து என்ன என்று விசாரித்துவிட்டுப் போனார்கள். மாமியும் சிரித்தார். ஸமீரா மாமிக்கு முன்பல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி உண்டு என்பது அன்றைக்குத்தான் ஊருக்குத் தெரிந்தது.

பல்கீஸ் கடைசிப் பல்லவியைப் பாடி முடித்தாள். மாமி ஒரு கையில் போனும் இன்னொரு கை வெறுமையுமாக இரண்டையும் ஏந்தினார். "இன்னைக்கு எல்லாரும் பொருள் தெரிஞ்சே சொல்லுங்க" என்றார். "ஊரைவிட்டுப் போன எல்லாப் பிள்ளைங்களும் போனை எடுக்கணும். உயிரோட இருக்கோம்னு சொல்லணும்."

அப்போதுதான் பல பேர் அழுததைப் பார்த்தேன். இப்போது எங்கள் ஊரில் வெளிநாடு போகாத பிள்ளை எந்த வீட்டில் இருக்கிறது? நானூறு பெண்களும் கையேந்தினார்கள். நான் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுப் பல்கீஸைப் பார்த்தேன்.

அவள் கீழே பார்க்கவில்லை. மைக்கை வாயருகே கொண்டுபோய், எதிர்க்கரைக்கும் கேட்கிற அந்தக் குரலில், எல்லாரையும் முந்திக்கொண்டு "ஆமீன்" என்றாள்.